தெரியாதுக் கடை

"எனக்குத் தெரியாதும்மா." இதைச் சொல்வதற்கென்றே ஒரு மனிதர் கடை திறந்து வைத்திருந்தார் என்றால் நம்புவீர்களா? புதுச்சேரிப் பக்கம் பாகூர் கடைத்தெருவில், பஸ் நிற்கும் இடத்துக்கு நாலு கடை தள்ளி, ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் என்று எழுதிப் போட்ட கடை. போர்டில் ஏதோ சாமி பெயரும் இருந்தது. முருகனா அம்மனா, யாரும் நின்று படித்ததில்லை. சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் அது தெரியாதுக் கடை. "எங்கடி அப்ளிகேஷன் போட்ட?" என்று கேட்டால், "தெரியாதுக் கடையிலதான்" என்போம். மணப்பட்டு, பனித்திட்டுப் பிள்ளைகள் வரைக்கும் அப்படித்தான் சொல்லும்.

அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று போய்க் கேட்டால் தெரியாது என்பார். எதற்கு அந்த வம்பு.

நாற்பதைத் தொடுகிற வயது. ஒல்லி. சட்டைப் பையில் நாலு பேனா குத்தியிருக்கும், ஒன்றைக்கூட யாருக்கும் தரமாட்டார். நமக்கென்று மேசையில் நூல் கட்டிய பேனா ஒன்று கிடக்கும், அது பாதி நாள் எழுதாது. கடையில் ஒரே ஒரு மேசை ஃபேன். அது எப்போதும் ஜெராக்ஸ் மெஷின் பக்கமே திரும்பியிருக்கும். ஜூன் மாத வெயிலில், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, பத்துப் பேர் வேர்த்து விறுவிறுத்து நிற்போம். "அண்ணா, ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன்" என்றால், "மெஷின் சூடானா நின்னுடும் பாப்பா. உங்களுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மத்தியானம் அவர் மனைவி சோறு கொண்டுவருவார். அந்த அம்மாள் எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே பேசுவார். "சாம்பார் வைக்கட்டுமா ரசம் வைக்கட்டுமான்னு கேட்டாக்கூட தெரியாதுன்றாரு. இந்த ஆள வச்சிகினு நான் இன்னாத்த சமைக்கிறது?" அவர் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பிப்பார். எது இருந்தாலும் சாப்பிடுவார்.

ஒன்றும் தெரியாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தச் சான்றிதழுக்கு எந்த ஆபீஸ், அங்கே எந்த ஜன்னல், கையெழுத்துப் போடுகிறவர் எந்தக் கிழமை இருப்பார், போட்டோ எத்தனை கே.பி. இருந்தால் ஏறும், எல்லாம் விரல் நுனியில் இருந்தது. அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். எது உனக்கு நல்லது என்பது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஊரே வந்து கேட்பது அந்த ஒன்றை மட்டும்தான்.

பனித்திட்டிலிருந்து ஒரு அம்மா, மகனை இடுப்பில் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்து நின்றார். நான் அப்போது வரிசையில் மூன்றாவது ஆள்.

"தம்பி, நீயே ஒரு நல்ல கோர்ஸா பார்த்துப் போட்டுடுப்பா."

"எனக்குத் தெரியாதும்மா."

"கம்ப்யூட்டர் போட்டா வேல கெடைக்குமா?"

"தெரியாதும்மா."

"அப்ப சிவிலு?"

"அதுவும் தெரியாது."

"பின்ன இன்னாதாம்பா தெரியும் உனக்கு?"

"போட்டோ அம்பது கே.பி.க்குள்ள இருக்கணும். இது எழுவத்தஞ்சு இருக்குது. அது தெரியும். கொண்டாங்க, சின்னதாக்கித் தரேன்."

அந்த மாதத்தில் ஊரில் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சலூன்காரருக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும், உரக்கடை வைத்திருந்த என் தாய்மாமனுக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். பாதிப் பேர் கம்ப்யூட்டர்தான் என்றார்கள். மீதிப் பேர், கம்ப்யூட்டர் முடிஞ்சுபோச்சு, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிகினு இருக்கிறானுங்க என்றார்கள். அப்போது இந்த ஏ.ஐ. பேச்செல்லாம் கிடையாது. ஆனாலும் முடிந்துபோயிருந்தது. வருஷா வருஷம் ஒரு தடவை அது முடிந்துபோகும் போலிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவரே கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். லேமினேஷன் போட்டால் எப்படி இருக்கும் என்று வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு சாம்பிள் வேண்டுமே, தன் டிகிரி சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து, அதையே லேமினேட் செய்து காலண்டர் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். மூன்று வருஷப் படிப்பு ஆணியில் ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒருத்தர், "நீயே கம்ப்யூட்டர் படிச்சவன்தானேப்பா, உனுக்கே தெரியாதா?" என்று கேட்டார்.

"படிச்சதாலதாண்ணே தெரியலன்றேன். படிக்காதவங்களுக்கெல்லாம் நல்லா தெரியுது பாருங்க."

படித்துவிட்டு ஏன் ஜெராக்ஸ் போடுகிறார் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். சென்னையில் அவர் இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றார்கள். இல்லை, அவருக்கு அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு பழக்கம். விண்ணப்பத்தை முழுக்க அவரே நிரப்பித் தருவார், ஆனால் கடைசியாக லாக் என்ற பட்டனை மட்டும் அழுத்தமாட்டார். அதை அழுத்திவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. நாற்காலியை விட்டு எழுந்து, படிக்கப் போகிற பிள்ளையை அதில் உட்காரவைப்பார். மவுஸைக் கையில் கொடுப்பார். பிறகு விடுவிடுவென்று வெளியே போய் எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அழுத்தியாகிவிட்டது என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தால்தான் திரும்பி வருவார். பிரசவ வார்டு வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி இருக்கிறது என்று அவர் மனைவியே கிண்டல் செய்வார்.

இப்போது லிஸ்ட் கதையைச் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று நாம் ஒன்று, இரண்டு என வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். அரசாங்கத்தில் மார்க்கைப் பார்த்து மேலேயிருந்து கீழே வந்து, எந்த வரியில் இடம் கிடைக்கிறதோ அதைத் தருவார்கள். எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் நல்ல மார்க் வாங்கி, முதல் சுற்றிலேயே நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிட்டான். அவன் போட்ட வரிசையை யாரோ ஜெராக்ஸ் எடுத்தார்கள். அந்த ஜெராக்ஸை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்தார். இரண்டு வருஷத்தில் அந்தத் தாள் பாகூர் கொம்யூனில் இருக்கிற ஊருக்கெல்லாம் பரவிவிட்டது. எழுத்தெல்லாம் தடித்துப்போய், மேலே அந்தப் பையனின் பெயர், அவன் அப்பா பெயர், விண்ணப்ப எண் எல்லாம் அப்படியே இருக்கும். யார் வந்தாலும் அதை நீட்டி, "இதே மாதிரி போட்டுடுங்க" என்பார்கள். ஒரு வீட்டில் அந்தத் தாளுக்குக் குங்குமம் வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு முந்தைய வருஷம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்த லிஸ்ட்டையே கொடுத்தாள். அவனுக்கு இருந்த மார்க்குக்கு அவன் முதல் வரியிலேயே நின்றுவிட்டான். இவள் மார்க் இவளைப் பன்னிரண்டாவது வரி வரைக்கும் இறக்கிக்கொண்டு போனது. பன்னிரண்டாவது வரி மாஹே. அந்தப் பையன் சும்மா இடத்தை நிரப்பப் போட்டு வைத்தது. மாஹேவும் புதுச்சேரிதான், ஆனால் நாட்டின் அந்தப் பக்கத்தில், கேரளாவுக்கு நடுவில் இருக்கிறது. அது அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அவள் அம்மா நேராகக் கடைக்கு வந்துவிட்டார். "புதுச்சேரின்னுதானே போட்டிருக்குது, காலைல எட்டு மணி பஸ்ஸுக்குப் போயிட்டு சாயங்காலம் வூட்டுக்கு வந்துடும்னு நெனச்சேன். எங்க இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீ? வாயில இன்னா கொழக்கட்டையா?" அவர் முகம் வெளுத்துவிட்டதாம். அன்றைக்கு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார் என்றார்கள்.

(அந்தப் பெண் மாஹேயில்தான் படித்தாள். லீவுக்கு வரும்போது சிப்ஸ் கொண்டுவருவாள், மலையாளத்தில் திட்டுவாள். நன்றாகத்தான் இருந்தாள்.)

அதற்குப் பிறகுதான் அவர் ஒரு பஸ் புரோகிராமை எழுத ஆரம்பித்தார். கல்லூரிப் பெயரைத் தட்டினால், பாகூரிலிருந்து எந்த பஸ், எங்கே மாற வேண்டும், எத்தனை மணி நேரம் என்று திரையில் வரும். எல்லாக் கல்லூரிக்கும் அவரே ஒரு தடவை போய்வந்து நேரம் குறித்தார். மாஹேக்கு மட்டும் "ரயில். ஒரு ராத்திரி பூரா" என்று வரும்.

நான் அதைப் பார்த்தது என் ப்ளஸ் டூ வருஷத்தில், ஒரு மத்தியானம் இரண்டரை மணிக்கு. நான் கணக்கும் சேர்ந்த பயாலஜி குரூப். நோட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். கடையில் யாரும் இல்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கருப்புப் பலகை, அதில் வெள்ளை எழுத்து. நான் வந்து நின்றதே அவருக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"இத பாரேன் பாப்பா. காரைக்கால் பஸ்ஸு கெளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுச்சு!"

எட்டிப் பார்த்தேன். பயண நேரம் மைனஸ் நாலு மணி நேரம் என்று இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் எழுதியிருந்ததை வரி வரியாகப் பார்த்தேன். இங்கிலீஷ்தான், பாதி புரிந்தது. ஒரு வரியில் கழித்தல் குறி இருந்தது. "அண்ணா, எறங்குற நேரத்துலேர்ந்துதானே ஏறுற நேரத்தக் கழிக்கணும்? நீங்க மாத்திக் கழிச்சிருக்கீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இரண்டு சொல்லை இடம் மாற்றினார், ஒரு பட்டனைத் தட்டினார். பஸ் ஒழுங்காக நாலு மணி நேரத்தில் காரைக்கால் போய்ச் சேர்ந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் எனக்குள் ஒரே குதி. தவளை அறுத்தபோதோ, பூவைப் பிரித்து ஒட்டியபோதோ அப்படி வந்ததில்லை. ஜெராக்ஸ் எடுத்த நோட்டைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

இதை என் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அப்பா கரும்பு போடுகிறவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வயலுக்குப் போவார். திரும்பிவந்து அவர் செய்யும் முதல் வேலை என்னை எழுப்புவது. வாசலில் இருந்து ஒரு சத்தம், கூடத்தில் இருந்து ஒரு சத்தம், பாய்க்குப் பக்கத்தில் ஒரு சத்தம், கடைசியில் சொம்புத் தண்ணீர். பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடமும் அப்படித்தான் போனது. மாமா அவரிடம் நர்சிங் என்று சொல்லிவிட்டார். ஜிப்மர் மாதிரி ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பில் மகள் நிற்பதை அப்பா மனசில் பார்த்துவிட்டார். அதை எப்படிக் கலைப்பது.

கடைக்காரரிடமே கேட்டேன். விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைக்குப் போய், "அண்ணா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கணும். அப்பா ஒத்துக்க மாட்டாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியாது பாப்பா."

"நான் படிச்சா வருமா வராதா, அதையாவது சொல்லுங்க."

"தெரியாதே."

எனக்கு வந்த கோபத்தில், "நீங்கல்லாம் ஒரு மனுஷனா? பஸ்ஸுக்கு மட்டும் வழி சொல்ல வந்துட்டாரு!" என்று கத்திவிட்டு வந்தேன். பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்போது எனக்குப் பதினேழு வயது, வாய் அப்படித்தான் இருந்தது. இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

கடைசி நாள் வந்தது. அப்பாவும் கூட வந்தார், வராமல் முடியாது. விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பர் அவருடையது. லாக் அழுத்தினால் ஆறு இலக்க ஓ.டி.பி. அந்த போனுக்குத்தான் வரும். அவர் வாய் திறந்து அதைப் படித்து, நான் தட்டினால்தான் லாக் விழும்.

என் லிஸ்ட்டை நானே எழுதியிருந்தேன், கடையில் வீணாய்ப்போன ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில். கடைக்காரர் அதைப் பார்த்துத் தட்டி முடித்து, வழக்கம்போல ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். "ஒண்ணு, கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரே பஸ்ஸு, முக்கா மணி நேரம். ரெண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ். புதுச்சேரி போய் மாறணும். மூணு, கம்ப்யூட்டர் சயின்ஸ். வில்லியனூர் தாண்டி, ரெண்டு பஸ்ஸு, ஒன்றரை மணி நேரம்."

"நர்சிங் எங்கம்மா?" என்றார் அப்பா.

"அஞ்சாவது" என்றேன் நான், திரையைப் பார்த்துக்கொண்டே.

கடைக்காரர் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு இருந்த பயத்தில், யோசித்தால் கெட்டுவிடும் என்று சட்டென்று லாக்கை அழுத்தினேன். அப்பாவின் சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தார். படிக்கவில்லை.

"அப்பா, நம்பரச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். நர்சிங்க மேல போடு, சொல்றேன்."

எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். திரையின் மூலையில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. அப்பா வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏம்பா, உள்ள வா. நீ சொல்லு இவளுக்கு. கம்ப்யூட்டர் படிச்சா உருப்படுமா?"

அவர் வந்து வாசலிலேயே நின்றார். "எனக்குத் தெரியாதுண்ணே."

"உனுக்கு இன்னாத்துக்குத் தெரியணும். கம்ப்யூட்டர் படிச்சவன் இன்னா பண்றான்னுதான் இதோ தொங்குதே!" என்று அந்த லேமினேஷன் சாம்பிளைக் கையால் காட்டினார் அப்பா.

மெஷின் மட்டும் யாருடைய ஆதார் கார்டையோ துப்பிக்கொண்டிருந்தது. அப்பா கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். ஆனால் எனக்கு அவமானம் தாங்கவில்லை. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும், நான் இரண்டு நாள் முன்பு கத்தியதும் நினைவுக்கு வந்தது. ஏதாவது பேச வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"அண்ணா, உங்களுக்கு அது புடிச்சிருந்துச்சா? படிக்கும்போது?"

அவர் என்னைப் பார்த்தார். தெரியாது வரும் என்றுதான் எல்லாரும் காத்திருந்தோம். அவர் அந்த சாம்பிளைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்ததைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அது தெரியும் பாப்பா" என்றார். "புடிச்சிருந்துச்சு. ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

"புடிச்சி இன்னாப்பா ஆச்சு?" என்றார் அப்பா. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணும் ஆவலண்ணே. ஜெராக்ஸ்தான் போடுறேன். ஆனா அந்த மூணு வருஷம் காலைல என்னை யாரும் எழுப்பல. நானா எழுந்து மொத பஸ்ஸுக்கு நிப்பேன். அதுக்கு முன்னாடி அப்பிடி இல்ல. அப்புறமும் அப்பிடி இல்ல."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும், சொம்புத் தண்ணீரைத்தான் நினைத்தார். அதற்குள் நேரம் முடிந்து, ஓ.டி.பி. காலாவதி என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. எனக்கு அழுகை முட்டியது.

"இன்னொரு தடவ அனுப்பச் சொல்லு" என்றார் அப்பா.

வந்தது. கண்ணாடி கொண்டுவராததால் போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, ஏலம் கூறுகிற மாதிரி கடை முழுக்கக் கேட்கும்படி படித்தார். நான் தட்டினேன். பச்சை எழுத்து வந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் பஞ்சர் கடைக்குப் போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

எனக்கு மூன்றாவது வரி கிடைத்தது. வில்லியனூர் தாண்டி, இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். சேர்க்கைத் தாளை அவர்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார்.

அதிலிருந்து எங்களைக் கண்டால் ஒதுங்க ஆரம்பித்தார். அப்பா எதிரில் வந்தால் வண்டியை ஏரிக்கரைப் பக்கம் திருப்பிவிடுவார். "இன்னாம்மா அந்த ஆளு, நான் இன்னா கடிக்கவா போறேன்?" என்று அப்பாவுக்குக் குறை. கோயிலில் கடைக்காரர் மனைவியைப் பார்த்தபோது அம்மா கேட்டிருக்கிறார். "அத ஏங்கா கேக்கறீங்க. உங்க பொண்ணுக்கு ஒத்துவருதோ இல்லியோன்னு சோறுகூட சரியா துன்றதில்ல. இத்தன வருஷம் வாய மூடிகினு இருந்தேன், அன்னிக்கு இன்னாத்துக்குத் தொறந்தேன்னு பொலம்பிகினு இருக்காரு" என்றாராம். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது. நேரில் போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் என்ன சொல்வது? முதல் செமஸ்டர் முடியட்டும் என்று இருந்தேன்.

முடிந்தது. ரிசல்ட் வந்தது. மேத்ஸ் போய்விட்டது.

மற்றதெல்லாம் பாஸ். புரோகிராமிங்கில் வகுப்பிலேயே இரண்டாவது. ஆனால் மேத்ஸ் போனது போனதுதான். உதவித்தொகைக்கு ஏதோ தாள் ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவும் நானும் கடைக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் அவர் சட்டென்று குனிந்து, மெஷினில் பேப்பர் வைக்கும் தட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு அம்மா மகளோடு ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, ரிசல்ட் வந்துடுச்சு" என்றேன். "மேத்ஸ் போச்சு."

அவர் தட்டைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மாஹே போன பெண்ணின் அம்மா வந்து கத்திய அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

"நான் சொல்லியிருக்கக் கூடாது பாப்பா" என்றார் மெல்ல.

இல்லை அண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"ஏம்பா, அத வுடு. கணக்கு இன்னிக்குப் போச்சுன்னா நாளைக்கு எழுதிக்கிறா. நான் வேற சொல்ல வந்தேன். ஆறு மாசமா இவள நான் எழுப்பல."

அவர் புரியாதவர் போலப் பார்த்தார்.

"நெசமாதாம்பா. நான் வயலுக்குக் கெளம்பறப்பவே இவ தல வாரிகினு நிக்கிறா. மொத பஸ்ஸுக்குப் போவணுமாம். நீ சொன்னியே அன்னிக்கி, அப்பிடியே. சொம்பு சும்மாதான் கெடக்குது."

"நெசமாவாண்ணே?"

"பொய் சொல்லி எனக்கு இன்னாப்பா ஆவப்போவுது?"

அவர் தட்டை உள்ளே தள்ளினார். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அரை வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது என்று எனக்குப் பட்டது. எனக்கும் அப்போதுதான் மனசு லேசானது. பிறகு எழுந்து, கை நீட்டி, மேசை ஃபேனைத் திருப்பினார். மெஷின் பக்கமிருந்து எங்கள் பக்கம். என் முகத்தில் முதல் தடவையாக அந்தக் கடைக் காற்று பட்டது.

பக்கத்தில் நின்ற அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மகளை முன்னால் தள்ளினார். "தம்பி, அப்ப எங்க பொண்ணுக்கும் கம்ப்யூட்டரே போட்டுடலாமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை உருவி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார், வாய் கொள்ளாத சிரிப்போடு.

எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது என் அப்பாதான்.